சுவரில் பூசணம்: யாருடைய குற்றம்?

கார்த்திகை மாதம் பாதி கழிந்ததும், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளின் வாடகை வீடுகளில் ஆண்டுதோறும் ஒரு வழக்கு நடக்கிறது. நீதிபதி கிடையாது, சாட்சி கிடையாது, தீர்ப்பு மட்டும் உண்டு. பீரோவை நகர்த்தினால் பின்சுவரில் கரும்பச்சைப் புள்ளிகள். பரணில் அட்டைப் பெட்டியில் வைத்த சென்ற ஆண்டுப் பாடநூல்களில் ஒரு புளித்த வாடை. வீட்டுக்காரரை அழைத்துக் காட்டினால், "நீங்கள் ஜன்னலையே திறப்பதில்லை போலிருக்கிறதே அம்மா, துணியை வேறு உள்ளேயே காயப் போடுகிறீர்கள்" என்கிறார். குடியிருப்பவரோ, "மேல்வீட்டுக் குளியலறை ஒழுகுகிறது சார்" என்கிறார். முடிவில் ஒரு பெயிண்டர் வந்து அந்த இடத்தில் மட்டும் இரண்டு கை வர்ணம் பூசிவிட்டுப் போகிறார். வீட்டைக் காலி செய்யும்போது அந்தச் செலவு அட்வான்ஸ் தொகையில் கழிக்கப்படுகிறது. அடுத்த கார்த்திகையில் அதே இடத்தில் அதே புள்ளிகள், வேறு குடும்பத்தின் பீரோவுக்குப் பின்னால்.

மாணவர்களே, இந்த வழக்கைப் பெரியவர்களிடம் விட்டுவிடாமல் நீங்கள் எடுத்து விசாரிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏனெனில் இது வாய்ச் சாமர்த்தியத்தால் தீர்க்க வேண்டிய வழக்கன்று. அளந்து பார்த்துத் தீர்க்கக்கூடிய வழக்கு. அதற்கு வேண்டிய கருவிகள் ஓர் எவர்சில்வர் டம்ளர், கொஞ்சம் பனிக்கட்டி, ஒரு வெப்பமானி, ஒரு துண்டுப் பாலிதீன் தாள், ஒரு பென்சில். இவ்வளவுதான்.

முதலில் குற்றவாளிக் கூண்டில் நிற்கும் பூசணத்தை விடுவித்துவிடுவோம். பூசணம் பூஞ்சை இனத்தைச் சேர்ந்தது, பச்சையம் அற்றது, வித்துகளால் பரவுவது என்றெல்லாம் வகுப்பிலேயே படித்திருப்பீர்கள். அந்த வித்துகள் எங்கிருந்து வருகின்றன? புளோரன்ஸ் நகரத்துத் தாவரவியலார் மிக்கேலி என்பவர், முலாம்பழத் துண்டுகளின் மேல் பூசண வித்துகளைத் தூவி வளர்த்துப் பார்த்து, எந்த வகையைத் தூவினோமோ அந்த வகையே முளைக்கிறது என்று 1729ஆம் ஆண்டு வெளியான தம் நூலில் எழுதினார். பூசணம் அழுக்கிலிருந்து தானாகத் தோன்றுவதில்லை, விதையிலிருந்து முளைக்கிறது என்பதற்கு மிகப் பழைய சான்றுகளுள் இது ஒன்று. மாதா கோவில்களில் தீர்த்தம் தெளிக்கும் கருவியைப் போலத் தலை பரப்பி நின்ற ஒரு பூசணத்துக்கு ஆஸ்பர்ஜில்லஸ் என்று பெயரிட்டவரும் அவரே. நம் ஊர்ச் சுவர்களில் காணும் பூசணங்களில் அந்தக் குடும்பத்தினர் ஏராளம்.

இந்த வித்துகள் காற்றில் எங்கும் உள்ளன. நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும் அறையிலும் உள்ளன. எவ்வளவு கழுவினாலும் துடைத்தாலும் அவற்றை ஒரு வீட்டிலிருந்து அறவே நீக்க இயலாது. உணவும் எங்கும் உள்ளது. செங்கல்லும் சிமெண்டும் பூசணத்துக்கு உணவல்ல. ஆனால் அவற்றின் மேல் பூசும் எமல்ஷன் வர்ணத்தில் உள்ள கரிமப் பொருள், தாளிப்புப் புகையில் படியும் எண்ணெய், தூசு, புத்தகப் பசை, பிளைவுட் பலகை எல்லாம் உணவுதான். விதையும் உணவும் எப்போதும் தயாராக இருக்க, ஆண்டில் சில மாதங்கள் மட்டும், சில சுவர்களில் மட்டும் பூசணம் முளைப்பது ஏன்? விடுபட்டுள்ள பொருள் ஒன்றே ஒன்று: நீர். சுவரை ஒட்டிய காற்றின் ஒப்பு ஈரப்பதம் தொடர்ந்து சில நாட்கள் 80 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் பல பூசணங்களுக்கு அதுவே போதும். சுவர் சொட்டச் சொட்ட நனைய வேண்டியதில்லை.

எனவே, "வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவில்லை" என்ற குற்றச்சாட்டு அடிபட்டுப் போகிறது. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தப் பழி பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் தலையில் விழுகிறது. நாள்தோறும் துடைக்கும் வீட்டிலும் சுவருக்குள் ஒரு குழாய் கசிந்தால் பூசணம் வரும். ஆண்டுக்கு ஒரு முறை பெருக்கும் வீட்டிலும் சுவர் உலர்ந்திருந்தால் வராது.

இனி உண்மையான கேள்விக்கு வருவோம். அந்த நீர் எங்கிருந்து வந்தது? காற்றிலிருந்தா, சுவருக்குள்ளிருந்தா?

"ஜன்னலைத் திறந்து வையுங்கள், சுவர் காய்ந்துவிடும்" என்ற அறிவுரையைப் பலரும் சொல்கிறார்கள். குளிர் நாட்டில் அது மிகச் சரியான அறிவுரை. லண்டனில் டிசம்பர் மாதம் வெளிக்காற்று 5 டிகிரி செல்சியஸில் இருந்தால், அது முழுவதும் நீராவி ஏந்தியிருந்தாலும் ஒரு கன மீட்டருக்கு 7 கிராமுக்கு மேல் நீர் இராது. அதை வீட்டுக்குள் விட்டு 20 டிகிரிக்குச் சூடாக்கினால், அந்த வெப்பநிலையில் காற்றால் 17 கிராம் வரை ஏந்த முடியும் ஆதலால், உள்ளே வந்த காற்று நன்கு உலர்ந்த காற்றாகிவிடும். நம் ஊர்க் கார்த்திகை வேறு. வெளிக்காற்று 28 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கன மீட்டரில் சுமார் 22 கிராம் நீராவி இருக்கிறது. அந்தக் காற்றை 24 டிகிரிக்குக் குளிர்வித்தால் பனி படியத் தொடங்கிவிடும். மழை நாளில் ஜன்னலைத் திறப்பது இந்தக் காற்றை உள்ளே அழைப்பதுதான். அடுத்த அறையில் ஏ.சி. ஓடிக் குளிர்ந்திருக்கும் நடுச்சுவரின் மறுபுறம் இந்தக் காற்று பட்டால், ஐஸ் மோர் டம்ளரின் வெளிப்புறம் போலச் சுவர் வியர்க்கும்.

அப்படியானால் ஜன்னலை மூடியே வைக்கலாமா? அதுவும் தவறு. வீட்டுக்குள்ளும் நீராவி உற்பத்தியாகிறது. நாலு பேர் உள்ள குடும்பம் மூச்சு விடுவது, சமைப்பது, குளிப்பது, துணி உலர்த்துவது எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10 லிட்டர் நீரைக் காற்றில் கலந்துவிடும். இதில் பலரும் நினைத்துப் பார்க்காத ஒரு கணக்கு சமையல் வாயுவினுடையது. பியூட்டேனின் மூலக்கூறு எடை 58. அது எரிந்தால் ஒரு மூலக்கூறுக்கு ஐந்து நீர் மூலக்கூறுகள், அதாவது 90 பங்கு எடை நீர் உண்டாகும். புரொப்பேனுக்கு 44-க்கு 72. இரண்டும் கலந்த சமையல் வாயு ஒரு கிலோ எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீர் பிறக்கிறது என்று ஆகிறது. வீட்டுக்கு வரும் சிலிண்டரில் 14.2 கிலோ வாயு உள்ளது. பெருக்கிப் பாருங்கள்: ஒரு சிலிண்டர் தீரும்போது ஏறத்தாழ 22 லிட்டர் தண்ணீர், ஒரு பெரிய குடத்தையும் மிஞ்சிய அளவு, கண்ணுக்குத் தெரியாமல் சமையலறைக் காற்றில் கலந்திருக்கும். சாதம் வடித்ததில் எழுந்த ஆவி இதில் சேரவில்லை. சமைக்கும்போதும் குளித்த பின்னும் அந்த அறையின் ஜன்னலைத் திறப்பதும், வெளியேற்று விசிறி இருந்தால் ஓடவிடுவதும் எந்தப் பருவத்திலும் நல்லது.

அப்படியானால் எப்போது திறப்பது, எப்போது மூடுவது? இதை ஊகத்துக்கு விடாமல் டம்ளரைக் கேட்கலாம். எவர்சில்வர் டம்ளரில் பாதியளவு தண்ணீர் எடுத்துக்கொண்டு, சின்னச் சின்னப் பனிக்கட்டித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டு, மெதுவாகக் கலக்கி வாருங்கள். டம்ளரின் பளபளப்பான வெளிப்புறம் எந்த வெப்பநிலையில் மங்கத் தொடங்குகிறது என்று வெப்பமானியில் குறியுங்கள். பிறகு அது சூடேறி மங்கல் மறையும் வெப்பநிலையையும் குறியுங்கள். இரண்டின் சராசரிதான் பனிநிலை. டம்ளர் மேல் உங்கள் மூச்சு படக்கூடாது. இந்தச் சோதனையைக் கெடுப்பது பெரும்பாலும் அதுதான். அறைக்குள் ஒரு முறை, வெளியே வராந்தாவில் ஒரு முறை செய்யுங்கள். உள்ளே பனிநிலை 26, வெளியே 24 என்றால் உள்காற்றில் நீர் அதிகம். ஜன்னலைத் திறந்தால் பயன் உண்டு. இரண்டும் ஒன்றாக இருந்தால் நாள் முழுவதும் திறந்து வைத்தாலும் சுவர் அதனால் காயப்போவதில்லை. வெளியே அதிகமென்றால் திறப்பது கேடு.

அடுத்து ஒரு சிறு தர்க்கம். ஓர் அறையில் நான்கு சுவர்கள் இருக்கின்றன; நான்குக்கும் ஒரே காற்றுதான். காற்றின் ஈரம் மட்டுமே காரணமானால் நான்கு சுவரிலும் பூசணம் வந்திருக்க வேண்டும். ஒரு சுவரில் மட்டும் வந்திருந்தால், ஒன்று அந்தச் சுவர் மற்றவற்றைவிடக் குளிர்ந்தது, அல்லது அந்தச் சுவரே நனைந்தது. எது என்று எப்படி அறிவது? வெப்பமானியின் குமிழைச் சுவரில் ஒட்டவைத்து, மேலே பஞ்சு வைத்து மூடி, அரை மணி கழித்துப் பாருங்கள். பூசணம் வந்த சுவரும் வராத சுவரும் ஒரே வெப்பநிலை காட்டினால், பீரோவும் மறைக்கவில்லை என்றால், உங்கள் சந்தேகம் சுவருக்குள் திரும்ப வேண்டும். அப்போது ஓர் அடிக்கு ஓர் அடி பாலிதீன் தாளைச் சுவரின் ஈரமான இடத்தில் வைத்து நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டிவிடுங்கள். இரண்டு நாள் கழித்து நீர்த்துளி தாளின் உட்புறத்தில், அதாவது சுவரைப் பார்த்த பக்கத்தில் இருந்தால், நீர் சுவரிலிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் காற்றிலிருந்து வருகிறது. இந்தத் தாள் எந்தப் பக்கமும் சேராத சாட்சி. அதை வீட்டுக்காரரும் பார்க்கலாம், குடியிருப்பவரும் பார்க்கலாம்.

சுவருக்குள் நீர் வரும் வழிகளில் ஒன்று நம் மேற்குப் புறநகருக்கே உரியது. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, செம்பரம்பாக்கம் ஏரி என்று ஏரிகளின் பெயர்களை அடுக்கினாலே இது எப்படிப்பட்ட நிலம் என்று விளங்கும். சென்னையின் ஆண்டு மழை சுமார் 140 சென்டிமீட்டர். அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்க்கிறது. அந்த மாதங்களில் பல காலனிகளில் நிலத்தடி நீர் அடித்தளத்தைத் தொட்டு நிற்கிறது. செங்கல்லின் நுண்துளைகள் வழியே அது மேலேறுவதுதான் ஓதம். நுண்புழை ஏற்றச் சமன்பாட்டில் ஆரம் 0.01 மில்லிமீட்டர் என்று போட்டுப் பாருங்கள். நீர் ஏறும் உயரம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் வரும். ஆவியாதல் ஒருபுறம் குறைப்பதால் சுவரில் ஓதம் பெரும்பாலும் இடுப்பளவோடு நின்றுவிடுகிறது. அதைத் தடுக்கவே அடித்தளத்தின் மேல் நீர்புகா அடுக்கு ஒன்று போடுகிறார்கள். ஆனால் சாலை போடும்போதெல்லாம் பழைய தளத்தைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தளம் போட்டு வந்ததால், பல தெருக்களில் வீடு இறங்கிவிட்டதுபோல் தோற்றம் தருகிறது. சாலையும் முற்றமும் அந்த அடுக்குக்கு மேலே உயர்ந்துவிட்டால், அடுக்கு இருந்தும் பயனில்லை. வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்து, சாந்து பொரிந்து உதிர்வதுதான் தரை ஓதத்தின் கையெழுத்து. ஒரு வேடிக்கை: உப்பு மிகுந்த அந்தப் பட்டையில் பூசணம் அதிகம் வளர்வதில்லை, அதற்குச் சற்று மேலேதான் வளர்கிறது.

மொட்டை மாடி ஒழுக்கு மழை பெய்த சில மணி நேரத்திலோ மறுநாளோ கூரையில் தெரிந்துவிடும். மாடி வடிகுழாயின் வாயைத் துணியால் அடைத்துத் தண்ணீர் கட்டிப் பார்ப்பது கொத்தனார்கள் அறிந்த சோதனை. குளியலறைக் கசிவு மழையைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. சித்திரை வெயிலிலும் ஒரு சுவர் ஈரமாக இருந்து, அதன் மறுபக்கமோ மேலேயோ குளியலறை இருந்தால், சுவருக்குள் ஓடும் குழாயையோ, பிளம்பர்கள் நானி டிராப் என்று சொல்லும் வடிகுழியின் ஓரத்தையோ சந்தேகிக்கலாம். ஈரத்தின் எல்லையைப் பென்சிலால் கோடிட்டு, பக்கத்தில் தேதியைப் போட்டு வையுங்கள். வாரம் ஒரு கோடு. மழை பெய்த நாட்களை நோட்டில் குறியுங்கள். கோடு மழையோடு நகர்கிறதா, மழை இல்லாமலும் நகர்கிறதா என்பது ஒன்றரை மாதத்தில் தெரிந்துவிடும்.

புதுக் கட்டடங்களில் இன்னொரு வகை உண்டு. பூந்தமல்லிப் பக்கம் புதிது புதிதாக எழும் அடுக்குமாடிகளில் சாந்து காய்வதற்குள் குடியேறிவிடுகிறார்கள். கான்கிரீட்டில் ஒரு மூட்டை சிமெண்டுக்குச் சுமார் 25 லிட்டர் நீர் சேர்க்கிறார்கள். அதில் ஏறத்தாழ பாதிதான் சிமெண்டோடு வேதியியல் முறையில் சேர்கிறது; மீதி சுவரிலிருந்து ஆவியாகித்தான் போக வேண்டும். மேலும் நாட்கணக்கில் தண்ணீர் ஊற்றிப் பதப்படுத்தியிருப்பார்கள். இத்தனை நீரும் முதல் குடித்தனக்காரர் வீட்டுக்குள்தான் வருகிறது. அதற்கு அவரைப் பொறுப்பாக்குவது எந்த நியாயத்தில் சேரும் என்று எனக்கு விளங்கவில்லை.

இதெல்லாம் வெறும் சுவர் அழகைப் பற்றிய சர்ச்சை என்று எண்ண வேண்டாம். ஈரமும் பூசணமும் உள்ள கட்டடங்களில் வசிப்போருக்கு மூச்சு நோய்க் குறிகளும், மூச்சுப்பாதைத் தொற்றுகளும், ஆஸ்துமா முற்றுவதும் அதிகம் என்பதற்குப் போதிய சான்று உண்டு என உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி நூல் கூறுகிறது. கரும்பூசணம் என்றாலே நஞ்சு என்று பரவும் பீதி வேறு. நிறத்தை வைத்து இனத்தையும் சொல்ல முடியாது, நஞ்சையும் சொல்ல முடியாது. ஆனால் ஈரச் சுவரோரம் படுத்து இரவெல்லாம் இருமும் குழந்தை ஒரு பீதியன்று.

இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகே ராச்டேல் என்ற ஊர் உள்ளது. அங்கே ஒரு வாடகைக் குடியிருப்பில் வாழ்ந்த அவாப் இஷாக் என்ற ஆண் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. இரண்டு வயது நிறைந்து சில நாட்களே ஆகியிருந்தன. பெற்றோர் சூடானிலிருந்து வந்தவர்கள். வீட்டில் பூசணம் இருக்கிறது என்று தந்தை 2017லேயே முறையிட்டபோது, அதன் மேல் வர்ணம் பூசிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். குடும்பத்தின் வாழ்க்கை முறைதான் ஈரத்துக்குக் காரணம் என்று வீட்டைக் கொடுத்த நிறுவனம் கருதியது. 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி, வீட்டிலிருந்த பூசணத்தை நெடுநாள் சுவாசித்ததால் வந்த கடும் மூச்சு நோயே மரணத்துக்குக் காரணம் என்று முடிவு கூறினார். அந்த வீட்டில் ஈரக்காற்றை வெளியேற்றும் ஏற்பாடு போதுமானதாக இல்லை என்பதும் விசாரணையில் வெளிப்பட்டது. 2023இல் அந்நாட்டில் இயற்றப்பட்ட சட்டத்தின் ஒரு பகுதி அக்குழந்தையின் பெயராலேயே வழங்குகிறது. 2025 அக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்த அதன் விதிகளின்படி, சமூக வாடகைக் குடியிருப்புகளில் கணிசமான ஈரம், பூசணம் என்று புகார் வந்தால் 10 வேலை நாட்களுக்குள் ஆராய வேண்டும். ஆபத்து உண்டென்று கண்டால் அடுத்த 5 வேலை நாட்களுக்குள் அதை நீக்க வேண்டும்.

இந்த நிகழ்ச்சியில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. நீர் காற்றிலிருந்து வந்தது என்றாலே குற்றம் குடியிருப்பவருடையது என்று ஆகிவிடாது. குளிப்பதும் சமைப்பதும் வீட்டில் செய்ய வேண்டிய காரியங்கள்தானே? அந்த ஆவி வெளியேற வழி வைத்துக் கட்டப்பட்டதா என்பதே கேள்வி. நம் பக்கத்துக்கும் இதைப் பொருத்திப் பாருங்கள். "துணியை உள்ளே காயப் போடுகிறீர்கள்" என்கிறார் வீட்டுக்காரர். சரி, மொட்டை மாடிச் சாவி யாரிடம் இருக்கிறது? எத்தனையோ வீடுகளில் வாடகைக்கு இருப்பவர் மாடிக்குப் போகக்கூடாது என்று பூட்டுப் போட்டிருக்கிறார்கள். பக்கத்துக் கட்டடத்துக்கும் இதற்கும் இடையே ஒரு மனிதன் பக்கவாட்டில் நடந்து போகும் அளவே இடைவெளி. சுவர் சூரியனைப் பார்த்ததே இல்லை. குளியலறை ஜன்னல் இன்னொருவர் வீட்டுப் படிக்கட்டை நோக்கித் திறக்கிறது. இந்த நிலையில் அந்தக் குடும்பம் ஈரத் துணியை எங்கேதான் கொண்டுபோகும்?

வீட்டுக்காரர்கள் எல்லாரும் கொடியவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆவடியில் ஓய்வூதியத்தைப் போட்டு ஒரு மாடி கட்டி, அந்த வாடகையில் மருந்து வாங்கும் முதியவர்கள் உண்டு. சுவரை உடைத்துக் குழாய் மாற்றுவது அவர்களுக்குப் பெரிய செலவு. அதனால்தான் கண்ணை மூடிக்கொண்டு வர்ணம் பூசுகிறார்கள். ஆனால் மூன்று முறை வர்ணம் பூசிய காசும், நனைந்த சுவர்க் கம்பி துருப்பிடித்துச் சாந்து பெயர்ந்தபின் ஆகும் செலவும் சேர்ந்தால், முதலிலேயே குழாயை மாற்றியிருக்கலாம். சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. வீட்டு உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் இரண்டாம் அட்டவணை வேலைகளைப் பிரித்துக் கொடுக்கிறது. கட்டடத்தின் அமைப்புப் பழுதுகள், சுவருக்கு வெள்ளையடித்தல், தேவைப்படும்போது குழாய்களை மாற்றுதல் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர் மாற்றுதல், சாக்கடை அடைப்பு நீக்குதல் போன்றவை வாடகைதாரர் பொறுப்பு. ஆகவே, நீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் யார் செலவு செய்வது என்ற கேள்விக்கும் பெரும்பாலும் விடை கிடைத்துவிடுகிறது. தேதியிட்ட பென்சில் கோடுகளும், பாலிதீன் தாளின் புகைப்படமும், பனிநிலைக் கணக்கும் எழுதிய ஒரு நோட்டை அப்பா கையில் கொடுத்து அனுப்புங்கள். "சுவர் ஈரமாக இருக்கிறது சார்" என்று சொல்வதற்கும் அந்த நோட்டை மேசைமேல் வைப்பதற்கும் வேறுபாடு இருப்பதைக் காண்பீர்கள்.

இதற்கிடையில் சுவரில் இருக்கும் பூசணத்தை என்ன செய்வது? உலர்ந்த துடைப்பத்தால் தட்டக்கூடாது. கோடிக்கணக்கான வித்துகள் அறை முழுவதும் பறக்கும். மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடிக்கொண்டு, சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்தெடுத்து, அந்தத் துணியை எறிந்துவிட்டு, விசிறியைச் சுவர்மேல் படும்படி வைத்து உலர்த்த வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலைக்கு வரவே கூடாது. பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளித்தால் மேலே உள்ள கறை வெளுக்கும். வர்ணத்துக்குள் ஊடுருவிய இழைகள் சாகும் என்ற உறுதி இல்லை. அதையும் கழிவறை கழுவும் அமிலத்தையும் ஒருபோதும் கலக்காதீர்கள். குளோரின் வாயு வெளிப்படும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. பாச்சை உருண்டை ஈரத்தை உறிஞ்சாது. பீரோவில் அதை நிரப்பி வைப்பதால் வாடைதான் மிச்சம். பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளிப் போட்டால் காற்று நுழைந்து அந்த இடம் உலரும். காசில்லாத வைத்தியம் இது. புத்தகங்களையும் தலையணைகளையும் வெயில் வந்த முதல் நாளிலேயே வெளியே எடுத்துப் போடுங்கள்.

இனி வர்ணம். நம் வழக்கப்படி பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சுவர் ஆண்டிலேயே மிக ஈரமாக இருக்கும் நேரம் அது! நம் முன்னோர் அடித்தது சுண்ணாம்பு. சுண்ணாம்புப் பூச்சு நீராவியைத் தடுப்பதில்லை; ஈரம் அதனூடே வெளியேறிவிடும். புதிதாக அடித்த சுண்ணாம்பு வலிய காரமாக இருப்பதால் பூசணமும் அதில் எளிதில் முளைக்காது. அந்தப் பூச்சுக்குப் பொங்கல் நேரம் பொருத்தமாகவே இருந்தது. இன்று நாம் அதே நாளில் பட்டி வைத்து, பிளாஸ்டிக் எமல்ஷன் பூசுகிறோம். ஈரச் சுவருக்கு மழைக்கோட்டு மாட்டி உள்ளே வேகவைப்பது போன்றது அது. மாசி பங்குனி வெயிலில் உள்ளே அடைபட்ட நீராவி வர்ணத்தைக் கொப்புளமாகத் தள்ளும்.

கசிவை நிறுத்திய பிறகும் சுவர் உடனே காய்ந்துவிடாது. ஓர் அங்குலக் கனம் உலர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும் என்பது கட்டடக்காரர்கள் வைத்திருக்கும் உத்தேசக் கணக்கு. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இருபுறமும் காற்றுப்பட்டால் நாலைந்து மாதம், ஒருபுறம் மட்டுமென்றால் அதற்கும் கூடுதலாகப் பிடிக்கலாம். ஆகவே மார்கழியில் குழாயை மாற்றினால், பொங்கலன்று அந்த ஒரு சுவர் மட்டும் பட்டி சுரண்டப்பட்டு, சாந்து தெரிய, அசிங்கமாக நிற்கட்டும். விருந்தினர் கேட்டால் காரணத்தைச் சொல்லுங்கள். அக்னி நட்சத்திரம் முடியும் வேளையில் பாலிதீன் தாளை இன்னொரு முறை ஒட்டிப் பாருங்கள். இரண்டு நாள் கழித்து உட்புறம் உலர்ந்திருந்தால் பெயிண்டரை வரச் சொல்லலாம்.